சத்துக் குறைந்த ஏரி நீரும் அதன் பேதங்களும்

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் இடையே அமைந்துள்ளது கனகம்மாசத்திரம். இவ்வூரையும் இதனை அடுத்த திருவாலங்காட்டையும் திருத்தணி மலையடிவாரம் வரையிலுள்ள கிராமங்களையும் கொண்ட பிரதேசம் ஏரிப் பாசனத்தைப் பெரிதும் சார்ந்தது. சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய போகங்களில் எதனைச் செய்வது, எதனை விடுவது என்பதைக் குடியானவர்கள் ஏரியின் நீர்மட்டத்தைப் பார்த்தே நிச்சயிக்கின்றனர். ஏரியில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதை யாவரும் கவனிப்பர். எத்தகைய நீர் நிற்கிறது என்பதை ஆராய்வோர் சிலரே.

ஒரே வருஷத்தில் ஒரே மழையால் நிரம்பிய இரண்டு ஏரிகளின் நீர் ஒரே தன்மையாக இருப்பதில்லை. ஓர் ஏரியின் நீர் தைப் பொங்கல் கழிந்த பின்னும் செம்மண் கலங்கலாகவே நிற்கும். மற்றொன்று கார்த்திகைக்குள் தெளிந்துவிடும். வேறொன்று மாசி மாதத்திலேயே பச்சை பூத்துத் துர்நாற்றம் வீசும். இவற்றுள் எது நல்ல நீர், எது உரமுள்ள நீர், எது நிலத்தைக் கெடுக்கும் நீர் என்பதைக் கண்ணால் மாத்திரம் தீர்மானிப்பது பெரும்பாலும் தவறாக முடிகிறது. சத்துக் குறைந்த ஏரி நீர் ஒரு குறையன்று, அது காப்பாற்ற வேண்டிய செல்வம் என்பதையும், அச்செல்வம் மிக எளிதில் கெட்டுப்போகக் கூடியது என்பதையும் கணக்குடன் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மழையும் மலையும்

ஏரி நீரின் பூர்விகம் மழை. மழைநீர் முற்றிலும் சுத்தமானதன்று. ஆகாயத்திலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்குவதால் அது சிறிது அமிலத் தன்மையுடையதாயிருக்கும். வேறு மாசு ஏதும் இல்லாவிடில் அதன் கார அமில நிலை சுமார் 5.6 ஆகும். வங்கக் கடலிலிருந்து வீசும் வாடைக் காற்று கடலுப்பின் நுண்துளிகளையும் சுமந்து வருகிறது. கனகம்மாசத்திரம் கடற்கரைக்குச் சுமார் 60 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பினும், இங்குப் பெய்யும் வடகிழக்குப் பருவ மழையில் இவ்வுப்பின் சுவடு உண்டு. எனினும் மழைநீரில் கரைந்துள்ள பொருள்கள் அற்பமே.

தரையில் விழுந்தபின் நீரின் குணத்தை முதலில் நிர்ணயிப்பது பாறையும் மண்ணுமாகும். வடக்கே தெரியும் நகரி மலைகள் குவார்ட்சைட் என்னும் வெண்கற்பாறையால் ஆனவை. இப்பாறை பெரும்பாலும் மணற்சத்தேயாதலின் நீரில் எளிதில் கரைவதில்லை. இத்தகைய சரிவிலிருந்து நேரே ஓடிவரும் வெள்ளம் ஏறக்குறைய மழைநீராகவே ஏரியை அடைகிறது. சமவெளியிலுள்ள கருங்கற்பாறை வகைகளோ மெல்ல மெல்ல மக்கி, சுண்ணாம்புச் சத்து, சோடியம், மக்னீசியம் ஆகியவற்றைப் பைகார்பனேட்டு உருவில் நீருக்குக் கொடுக்கின்றன. மண்ணில் சுக்கான் கல் கலந்திருக்குமிடங்களில் நீர் விரைவிலேயே கடினமாகிவிடும். ஆகவே வரத்துக் கால்வாய் எந்தப் பூமியைக் கடந்து வருகிறதோ அந்தப் பூமியின் குணம் ஏரியில் வந்து நிற்கும்.

1944-ம் வருஷத்தில் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் இதற்கு நல்ல உதாரணம். கொசஸ்தலையாறும் அதன் துணையாறுகளும் கொணரும் உள்ளூர் வெள்ளம் ஒருபுறம் அதில் சேருகிறது. 1996-ம் வருஷம் முதல் கண்டலேறுவிலிருந்து கால்வாய் வழியே வரும் கிருஷ்ணா நதி நீரும் அதில் சேருகிறது. கிருஷ்ணா நதியின் மேற்பகுதி தக்காணத்துக் கரும்பாறைகளையும் கரிசல் பூமியையும் கடந்து வருவது. ஆதலால் இவ்விரு நீர்களும் பிறப்பிலேயே வேறுபட்டவை. எந்த மாதத்தில் எது அதிகமாக வந்து கலக்கிறதோ அதற்குத் தக்கவாறு நீர்த்தேக்கத்தின் குணமும் மாறும்.

தலை ஏரியும் கடை ஏரியும்

அருகருகே உள்ள ஏரிகள் மாறுபடுவதற்கு இரண்டாவது காரணம், அவை தொடரில் எந்த இடத்தில் இருக்கின்றன என்பது. இப்பக்கத்து ஏரிகள் பல, சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழியும் நீர் கீழ் ஏரிக்குச் செல்லும். அது மாத்திரமன்றி, மேல் ஏரியின் ஆயக்கட்டில் பாய்ந்து, வடிகால்களில் இறங்கிய கழிவு நீரும் கீழ் ஏரியிலேயே சேரும். இவ்வாறு வயல்களினூடே வந்த நீர் அங்கிட்ட உரத்தின் மிச்சத்தையும், மண்ணின் உப்பையும், வழியிலுள்ள கிராமங்களின் சாக்கடையையும் உடன் கொணர்கிறது. ஆகவே தலை ஏரியின் நீர் உப்பிலும் உரச்சத்திலும் குறைந்தும், கடை ஏரியின் நீர் இரண்டிலும் மிகுந்தும் இருப்பது இயல்பு.

இவ்வுண்மை வேறு தேசங்களிலும் காணப்பட்டதே. அமெரிக்காவில் விஸ்கான்சின் இராஜ்யத்தின் வடபகுதியில் ஏராளமான ஏரிகள் நெருங்கிக் கிடக்கின்றன. எட்வர்டு பர்ஜ், சான்சி ஜூடே என்னும் பேராசிரியர்கள் 1920-களிலிருந்து அங்கு நூற்றுக்கணக்கான ஏரிகளின் நீரைச் சோதித்தனர். ஒரே மழையைப் பெற்று அடுத்தடுத்துக் கிடந்த ஏரிகளிலும் கரைந்துள்ள பொருள்களின் அளவு பெரிதும் மாறுபட்டிருந்தது. மேட்டிலிருந்து மழைநீரையே நம்பிய ஏரிகள் சத்துக் குறைந்தவையாகவும், தாழ்விலிருந்து நிலத்தடி ஊற்றையும் ஓடைகளையும் பெற்ற ஏரிகள் சுண்ணாம்பும் பிற சத்தும் மிகுந்தவையாகவும் இருந்தன. ஸ்வீடன் தேசத்தைச் சேர்ந்த ஐனார் நௌமன் என்னும் சாஸ்திரி, ஏரிகளைச் சத்துக் குறைந்தவை, சத்து மிகுந்தவை என்று 1919-ம் வருஷத்தில் வகுத்தார். அவ்வகுப்பே சிற்சில மாறுதல்களுடன் இன்றும் வழக்கத்திலிருக்கிறது.

கோடையும் கசிவும்

மூன்றாவது காரணம் வெயில். இப்பிரதேசத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து வருஷத்திற்கு ஐந்து ஆறு அடி ஆழமுள்ள நீர் ஆவியாகிவிடுகிறது. ஆவியாவது நீரே, உப்பு ஏரியிலேயே தங்கும். மதகும் திறவாமல், கசிவும் இல்லாமல் ஓர் ஏரியின் நீர் வெயிலால் மாத்திரம் மூன்றில் ஒரு பங்காகக் குறுகினால், மிச்சமுள்ள நீரில் உப்பின் அடர்த்தி மூன்று மடங்காகும். அப்போது சுண்ணாம்புச் சத்து ஓரளவு படிந்து பிரிந்துவிடும். சோடியம் அவ்வாறு பிரியாது. ஆதலின் கோடை முதிர முதிர நீரில் உப்பு கூடுவதோடு, அவ்வுப்பில் சோடியத்தின் பங்கும் கூடுகிறது.

ஆனால் அடியிலும் கரையிலும் கசியும் ஏரியின் கதை வேறு. கசியும் நீர் தன் உப்பையும் உடன்கொண்டு போய்விடுகிறது. ஆதலால் நீர் நிற்கவில்லையென்று குறை கூறப்படும் கசிவு ஏரியில், கோடையில் எஞ்சும் சிறிது நீர் ஒப்புநோக்கில் நன்னீராகவே இருப்பதுண்டு. அதன் கீழுள்ள கிணறுகளும் பயனடைகின்றன. களிமண் அடித்தளமுடைய இறுக்கமான ஏரியிலோ நீர் நெடுநாள் நிற்கும். உப்பும் நெடுநாள் நிற்கும். பக்கத்திலுள்ள இரண்டு ஏரிகள் சித்திரை மாதத்தில் வேறுபடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாகும்.

தெளிவு ஓர் ஏமாற்று

தெளிந்த நீர் நல்ல நீர், கலங்கிய நீர் கெட்ட நீர் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. நுண்ணிய களித்துகள்கள் உப்புக் குறைந்த நீரில் ஒன்றையொன்று விலக்கி மிதந்துகொண்டேயிருக்கும். நீரில் உப்பு கூடினால் அவை ஒன்றுசேர்ந்து கட்டியாகி அடியில் படியும். ஆகவே மழைநீரால் நிரம்பிய தலை ஏரி வாரக்கணக்கில் செந்நிறமாகவே நிற்பதற்கு அதன் நீரில் உப்பின்மையே ஒரு காரணமாகும். அந்நீரைக் குடத்தில் எடுத்துத் தேற்றாங்கொட்டையை உரைத்தோ படிகாரத்தைக் கலக்கியோ தெளிய வைப்பது பழைய வழக்கம். அதற்கு மாறாக, ஓரிரு நாளில் தானே தெளிந்துவிடும் நீரில் உப்பு இருக்கக்கூடும் என்று சந்தேகித்துச் சோதிப்பது நலம்.

சவுக்காரம் நன்றாக நுரைத்தால் நல்ல நீர், பருப்பு விரைவில் வெந்தால் நல்ல நீர் என்னும் சோதனைகளும் பாதியே உண்மை. சுண்ணாம்பும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரில் நுரை எழாது, பருப்பும் வேகாது என்பது மெய். ஆனால் சோடியம் பைகார்பனேட்டு மிகுந்த நீரிலும் நுரை நன்றாக எழும். பருப்பும் நன்றாகக் குழையும். அந்நீரை வருஷந்தோறும் பாய்ச்சினால் மண் இறுகிக் களர் நிலமாகிவிடும். அடுக்களைக்கு உகந்த நீர் கழனிக்குப் பகையாவதுண்டு.

உரச்சத்தின் கணக்கு

ஏரி நீரில் உரமிருக்கிறது, பச்சை பூத்த நீர் பயிருக்கு எரு என்ற நம்பிக்கையைக் கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம். ஏரியின் பாசி வளர்ச்சியைப் பெரும்பாலும் கட்டுப்படுத்துவது பாஸ்பரஸ் என்னும் மணிச்சத்து மூலகமாகும். லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் குறைவாகப் பாஸ்பரஸ் இருந்தால் அது சத்துக் குறைந்த நீர். 35 மைக்ரோகிராமுக்கு மேற்பட்டால் சத்து மிகுந்த நீர். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

ஒரு போக நெல்லுக்கு ஏக்கர் ஒன்றில் மொத்தம் ஒரு மீட்டர் ஆழம் ஏரி நீர் பாய்ச்சுவதாகக் கொள்வோமாயின், அது சுமார் 40 லட்சம் லிட்டர் ஆகும். 10 மைக்ரோகிராம் உள்ள நீரால் அந்த ஏக்கருக்குக் கிடைக்கும் பாஸ்பரஸ் 40 கிராம். இது அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட சூப்பர் பாஸ்பேட்டுக்குச் சமானம். நன்றாகப் பச்சை பூத்து 100 மைக்ரோகிராம் உள்ள நீராயினும் கிடைப்பது ஆறு கிலோ சூப்பர் பாஸ்பேட்டின் பயனே. ஆகவே ஏரி பச்சையாவதால் பயிருக்கு எரு மிஞ்சுகிறது என்பது வீண் எண்ணம்.

இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால் ஆபத்து விளங்கும். 50 கிலோ சூப்பர் பாஸ்பேட்டு மூட்டை ஒன்றில் சுமார் மூன்றரைக் கிலோ பாஸ்பரஸ் உண்டு. அது முழுவதும் ஏரியில் கரைந்தால், சுமார் 35 கோடி லிட்டர் நீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் உயரும். அதாவது 86 ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழம் நிற்கும் ஏரி முழுவதையும், ஒரே மூட்டை, சத்துக் குறைந்த நிலையின் எல்லைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடும். நெற்பயிருக்கு ஒரு கவளமாயிருப்பது ஏரிக்கு மலைபோன்ற விருந்தாகிறது.

நடைமுறையில் இதில் பெரும் பகுதியைச் செம்மண்ணிலுள்ள இரும்புச் சத்து பற்றிக்கொண்டு அடிவண்டலில் சேர்த்துவிடுகிறது. ஆனால் பாசி மடிந்து அழுகி, ஏரியின் அடியில் பிராணவாயு அற்றுப்போனால், இரும்பு தன் பிடியை விட, அந்தப் பாஸ்பரஸ் மீண்டும் நீரில் இறங்கும். ஆகவே கெட்டுப்போன ஏரிக்குள் புதிய கழிவு வராமல் தடுத்த பின்பும், அது சில வருஷங்கள் வரை பச்சை பூத்துக்கொண்டேயிருக்கும்.

நீலகிரியில் இதன் விளைவைக் காணலாம். 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் உதகமண்டலத்தில் ஓடையை மறித்து ஏரி அமைத்தார். அதே மலைத்தொடரில் குந்தா மின்திட்டத்திற்காக அவலாஞ்சி, மேல்பவானி முதலிய நீர்த்தேக்கங்கள் பிற்காலத்தில் ஏற்பட்டன. எளிதில் கரையாத கடும்பாறை எங்கும் ஒன்றே. ஆனால் உதகை ஏரியில் நகரத்துச் சாக்கடை கலந்து, அது ஆகாயத்தாமரை படரும் சத்து மிகுந்த ஏரியாயிற்று. காடும் புல்வெளியும் சூழ்ந்த மேல்பவானி முதலியவை அக்கதிக்கு ஆளாகவில்லை. இங்கே பேதத்தை உண்டாக்கியது பாறையன்று, மனிதர் வாசமே.

பச்சை பூத்த ஏரியில் மற்றொரு நஷ்டமும் உண்டு. பகலில் பாசிகள் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் மாலையில் நீரின் கார நிலை 9-க்கு மேலும் ஏறும். இரவில் பாசிகளும் பிராணவாயுவையே செலவழிப்பதால், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து மடிவதுண்டு. மீன் குத்தகை எடுத்தவருக்கு நஷ்டம், மாடுகளுக்குக் குடிநீர் கேடு, ஊராட்சிக்கு வழக்கு என்று இது முடிகிறது. பைகார்பனேட்டு மிகக் குறைந்த நீர் இவ்வித மாறுதல்களைத் தாங்கும் சக்தியும் குறைந்தது. ஸ்வீடனில் மென்மையான நீருள்ள ஏரிகள் தொழிற்சாலைப் புகையால் வந்த அமில மழையைத் தாங்க மாட்டாமல் மீனற்றுப் போயின. 1970-களிலிருந்து அவற்றிற்குச் சுண்ணாம்புக்கல் தூளை இட்டு அந்நாட்டார் சீர்செய்ய வேண்டியதாயிற்று.

உப்பின் கணக்கு

உரச்சத்து அற்பமாயிருப்பினும் உப்பு அற்பமன்று. நீரிலுள்ள உப்பை மின்கடத்தும் திறனால் அளப்பர். 0.25 டெசி சீமன் வரை உப்புக் குறைந்த நீர், 0.75 வரை மத்திமம், 2.25 வரை உப்பு மிகுந்தது. அதற்கு மேல் மிகக் கெட்டது. முன் கூறியபடி ஏக்கருக்கு ஒரு மீட்டர் ஆழம் பாய்ச்சினால், 0.25 உள்ள நீர் சுமார் 650 கிலோ உப்பையும், 0.75 உள்ள நீர் சுமார் 1,940 கிலோவையும், 2.25 உள்ள நீர் சுமார் 5,800 கிலோவையும் நிலத்தில் கொண்டுவந்து சேர்க்கும். வடிகால் செவ்வையாயிருந்து மழையும் பெய்தால் இவ்வுப்புக் கழுவப்பட்டுப் போகும். வடிகால் தூர்ந்த கழனியில் அது வருஷாவருஷம் சேரும். தலை ஏரி நீரின் மதிப்பு இப்போது விளங்கும்.

அடுத்தது எஞ்சிய சோடியம் கார்பனேட்டு. இது 1.25 மில்லி ஈக்விவலென்ட் வரை இருந்தால் பயமில்லை. 2.5-க்கு மேற்பட்டால் அந்நீர் தனியே பாசனத்திற்கு ஆகாது. அந்த மேலெண்ணிக்கையில் ஒவ்வொரு மில்லி ஈக்விவலென்ட்டையும் நீக்க, ஒரு மீட்டர் ஆழப் பாசனத்திற்கு ஏக்கருக்குச் சுமார் 350 கிலோ சுத்தமான ஜிப்சம் தேவைப்படும். இக்கேடு ஏரியைவிட ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே அதிகம் காணப்படும். அத்தகைய கிணறு உள்ளவர் அதன் நீரை ஏரி நீருடன் கலந்தோ மாற்றி மாற்றியோ பாய்ச்சுவது உசிதம். சத்தும் உப்பும் குறைந்த ஏரி நீர் கிணற்று நீரின் தோஷத்தைப் போக்கும் மருந்தாகிறது.

மிகச் சுத்தமான நீரிலும் ஒரு குறை உண்டு. மின்கடத்தும் திறன் 0.2-க்குக் கீழ்ப்பட்ட நீர், மண்ணின் மேற்பரப்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கழுவி, களியைக் கலைத்து, மேலே இறுக்கமான ஓடு கட்டச் செய்யும். நிலக்கடலை முளைப்புக்கும் காய் இறங்குவதற்கும் இது தடையாகும். தொழு எருவும் தழை உரமும் இடுவதே இதற்குச் சுலபமான பரிகாரம். ஜிப்சம் இடுவதால் கடலைக்கு இரட்டை லாபம்.

செய்ய வேண்டியவை

1. ஏரி நீரை வருஷத்தில் மூன்று முறை சோதிக்க வேண்டும்: ஏரி நிரம்பியபின் மார்கழியில் ஒரு முறை, மாசியில் ஒரு முறை, வற்றுமுன் சித்திரையில் ஒரு முறை. மதகினருகே நீரோட்டமுள்ள இடத்தில், மேற்பாசியை விலக்கி, அந்நீராலேயே மூன்று முறை அலம்பிய சுத்தமான புட்டியில் ஒரு லிட்டர் எடுக்க வேண்டும். ஏரியின் பெயர், தேதி, நீர்மட்டம் ஆகியவற்றை எழுதி ஒட்டி, அன்றே மண் பரிசோதனை நிலையத்தில் சேர்ப்பிப்பது நலம். திரூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம் ஆலோசனை பெறலாம்.

2. முடிவுகளை ஊராட்சியில் ஒரு பதிவேட்டில் வருஷவாரியாக எழுதி வைக்க வேண்டும். ஒரு வருஷத்து எண் ஒன்றையும் அறிவிக்காது. ஐந்து வருஷத்து எண்கள் ஏரியின் போக்கைக் காட்டும்.

3. சாக்கடையையும் கால்நடைக் கொட்டகைக் கழிவையும் வரத்துக் கால்வாயில் விடலாகாது. இதில் தலை ஏரிக்கு முதலிடம் தர வேண்டும். அது கெட்டால் அதன் கீழுள்ள ஏரிகள் யாவும் கெடும்.

4. வரத்துக் கால்வாயை ஒட்டிய நிலங்களில், மழை வருமென்று தோன்றும் நாளில் உரமிடுவதைத் தவிர்க்க வேண்டும். வரப்பை உயர்த்தி, கால்வாய்க் கரையில் புல்லை வளரவிட்டால் மண்ணும் மணிச்சத்தும் வயலிலேயே தங்கும்.

5. ஏரி வற்றிய காலத்தில் வண்டலை எடுத்து நிலத்தில் இடுவது இரட்டை நன்மை. ஏரிக்குப் பாரமான பாஸ்பரஸ் வயலுக்கு உரமாகிறது. 2024-ம் வருஷத்தில் இதற்குத் தாசில்தார் அளவிலேயே அனுமதி பெறும் ஏற்பாடு செய்யப்பட்டது. களி அடித்தளத்தை உடைக்குமளவு ஆழமாகத் தோண்டலாகாது. உவர் பூத்த வண்டலைச் சோதியாமல் நிலத்தில் இடுதலும் கூடாது.

6. வடிகால்களை நவரை அறுவடைக்குப் பின் தூர் எடுத்து வைத்தல் வேண்டும்.

ஏரிக்கரை உடைந்தால் ஊரார் ஒரே இரவில் கூடி அடைத்துவிடுவர். உடைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. நீரின் குணம் கெடுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியும்போது அடிவண்டல் வரை கெட்டிருக்கும். தங்கள் ஏரித் தொடரில் சத்துக் குறைந்த நல்ல நீர் இன்னும் எந்த ஏரியில் நிற்கிறது என்பதைப் பட்டாதாரர்களும் கிராம அதிகாரிகளும் வரும் மார்கழியிலேயே சோதித்து அறிந்து, அதன் வரத்துக் கால்வாயை முதலில் காப்பார்களாயின், கீழுள்ள ஆயக்கட்டு அனைத்திற்கும் அது அனுகூலமாகும்.